மாசு செய்யாத பணி

2021 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் கட்டுமானப் பணிகளுக்கு மீண்டும் தடை விதித்தது. அந்த வாரக் காற்றின் நிலை அப்படி. கூடவே, மாசு செய்யாத பணிகளைத் தொழிலாளர்கள் தொடரலாம் என்று விலக்கும் அளித்தது. குழாய் வேலை, உள் அலங்காரம், மின் வேலை ஆகியவற்றோடு தச்சு வேலையும் அந்த விலக்கில் இடம்பெற்றது. அன்றாடக் கூலியை நம்பியிருப்போர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த விலக்கு அது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ‘மாசு செய்யாத பணி’ என்ற தொடரின் இலக்கணம் கவனத்துக்குரியது. பணி என்பது எழுவாய், மாசு என்பது செயப்படுபொருள். அந்த மாசு யாரைச் சேராது என்பதைச் சொல்ல வேண்டிய நான்காம் வேற்றுமைச் சொல் மட்டும் தொடரில் இல்லை. ஊருக்கு மாசு இல்லை என்றால் ஏறத்தாழ ஒப்புக்கொள்ளலாம். சாண்டரைக் கையில் பிடித்திருப்பவருக்கு?

கோல் மார்க்கெட்டில் நின்று கேட்க ஏற்ற கேள்வி இது. ‘கோல்’ என்றால் இந்தியில் வட்டம். 1921இல் எழுந்த அந்தச் சந்தைக் கட்டடத்துக்கோ பன்னிரண்டு பக்கங்கள். (பெயர் வைத்தவர்கள் பக்கங்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.) சுற்றிலும் அரசு ஊழியர் குடியிருப்புகள். மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி; அதே சாலையில் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றளவு நிலையம். சற்று வடக்கே நடந்தால் பஞ்ச்குயான் சாலையின் மரச்சாமான் கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் கட்டில்களும் அலமாரிகளும் எங்கோ அறுக்கப்பட்டு, எங்கோ தேய்க்கப்பட்டு வந்தவை. அந்த ‘எங்கோ’ பல நேரங்களில் ஒரு வீட்டின் முன்னறையாகவோ மொட்டைமாடிப் பர்சாத்தியாகவோ இருக்கும். இன்னொரு வகை வீட்டுப் பட்டறையும் இப்போது பெருகுகிறது: ஓய்வு பெற்ற அதிகாரியோ பேராசிரியரோ பால்கனியை அடைத்து, இணையத்தில் ஒரு சுழல் சாண்டரும் சிறிய வட்டவாளும் வாங்கி, பேரப்பிள்ளைக்குத் தொட்டில் செய்யத் தொடங்கும் பட்டறை. முதல் வகையினர் காற்றைச் சுத்தம் செய்யும் கருவியைப் பற்றி யோசிப்பதே அரிது. இரண்டாம் வகையினர் யோசிக்கிறார்கள். பெரும்பாலும் தவறான இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். எந்த ஏர் பியூரிஃபையர் நல்லது என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. அது கடைசிக் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பிழையில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்த் தச்சு மரபில் கழிவுக்கு இரண்டு பெயர்கள் உள்ளன. வாள் தருவது தூள். இழைப்புளி தருவது சீவல். இரண்டும் கீழே விழும், விளக்குமாற்றால் கூட்டலாம், அடுப்பெரிக்கலாம். டெல்லிப் பட்டறைகளில் வழங்கும் ‘புராதா’வும் இந்தத் தூளையே குறிக்கிறது. கைக்கருவிகளின் காலத்துக்கு இந்தச் சொற்கள் போதுமானவையாக இருந்தன. மின்சாண்டரும் நுண்ணிய உப்புத்தாளும் வந்த பிறகு மூன்றாவது ஒன்று உண்டானது. அது விழுவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. தொழிலில் அதற்குத் தனிப்பெயர் ஏற்படவே இல்லை. பெயர் இல்லாததை யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை.

விழுவதற்கும் விழாததற்கும் இடையிலுள்ள தொலைவை எண்களால்தான் காட்ட முடியும். அசைவற்ற காற்றில், தண்ணீரின் அடர்த்தி கொண்ட 100 மைக்ரான் துகள் ஒன்று இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பத்து விநாடிக்குள் தரை சேரும். 10 மைக்ரான் துகளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மரத்துகள் இன்னும் இலேசானது. அறைக் காற்றோ ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை. மாலையில் வேலையை முடித்து, தரையைக் கூட்டி, அந்த அறையிலேயே பாய் விரித்துப் படுக்கும் குடும்பம், காலையில் தேய்த்த பலகையை இரவு முழுக்க மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறது.

இதன் விளைவை உலகுக்கு முதலில் உரக்கச் சொன்னவர்கள் இங்கிலாந்தின் ஹை விக்கம் ஊர் மருத்துவர்கள். நாற்காலி செய்வதற்குப் பெயர்போன ஊர் அது. அங்கே காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டின் கண்ணில், மிக அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளரிடையே அடிக்கடி பட்டது. டொனால்ட் அச்செசன் முதலியோருடன் சேர்ந்து 1960களில் அவர் வெளியிட்ட ஆய்வுகள் மரத்தூசியை நோக்கிக் கை நீட்டின. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இருக்கும் அதே பிரிவு. ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை, நாள்பட்ட சளி முதலியவை இதற்கு முன்பே வருபவை. அவற்றைத் தொழிலாளர்கள் நோய் என்றே கணக்கில் எடுப்பதில்லை. தேக்கும் ஷீஷமும் ஒவ்வாமை தூண்டக்கூடிய மரங்கள். பஞ்ச்குயான் சாலைக் கடைகளில் மதிப்பு மிகுந்த மரங்களும் அவையே.

ஐரோப்பிய ஒன்றியம் வன்மரத் தூசிக்கு வைத்திருக்கும் பணியிட வரம்பு, 2023 ஜனவரியிலிருந்து, கன மீட்டருக்கு 2 மில்லிகிராம். அதாவது 2000 மைக்ரோகிராம். டெல்லியில் நுண்துகள் 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் ‘கடுமை’ என்று அறிவித்துப் பள்ளிகளை மூடுவதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். இரண்டு அளவுகளும் ஒரே வகைத் துகளை அளப்பவை அல்ல. பணியிட வரம்பு பெரிய துகள்களையும் சேர்த்து எண்ணுவது. புகைமூட்டத்தின் நஞ்சு வேறு, மரத்தின் நஞ்சு வேறு. ஆகவே நேருக்கு நேர் ஒப்பிடுவது பிழை. ஆயினும் அளவின் படிநிலையை உணர இந்த இணைப்பு உதவும். ஊர் முழுவதும் அஞ்சும் காற்றைவிடத் தச்சரின் மூக்கருகே உள்ள காற்று பல மடங்கு தூசி சுமந்திருக்கக்கூடும். அதை மந்திர் மார்க் நிலையம் அளப்பதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால்தான் அந்த இடத்தைத் தொழிற்சாலையாகப் பார்த்தது. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20ஆக உயர்த்தியது. தந்தையும் மகனும் வேலை செய்யும் முன்னறை இரண்டின் கண்ணிலும் படாது.

இனி கருவிக்கு வரலாம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட ஓர் அறை. கொள்ளளவு 1200 கன அடி, ஏறத்தாழ 34 கன மீட்டர். சந்தையில் கிடைக்கும் நடுத்தர வீட்டுக் கருவி ஒன்று மணிக்கு 300 கன மீட்டர் தூய காற்று தருவதாக அட்டையில் எழுதியிருக்கும். வகுத்தால் மணிக்கு ஒன்பது முறை அறைக்காற்று முழுதும் வடிகட்டிக்குள் போய்வரும் கணக்கு. கேட்க மிக நன்றாக இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் ஓடவிட்டால் மிதக்கும் தூசி இருபதில் ஒரு பங்காகக் குறையும். இதுவும் உண்மைதான். வாங்குபவர் மனநிறைவோடு பணம் கொடுத்துவிடுவார்.

ஆனால் தூசி உண்டாவது வேலை நடக்கும்போது. சாண்டர் மணிக்கு வெறும் 1 கிராம் நுண்தூசியைக் காற்றில் விடுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். 1 கிராம் என்பது 1000 மில்லிகிராம். கருவி மணிக்கு 300 கன மீட்டரைத்தான் சுத்தம் செய்கிறது. எனவே வேலை நடக்கும் நேரம் முழுவதும் அறையின் சராசரித் தூசி கன மீட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேலேயே நிற்கும். ஐரோப்பிய வரம்பைத் தாண்டிய அளவு. இன்னும் ஒரு கருவி வாங்கி வைத்தால் 1.7க்கு இறங்கும். இதுவும் அறையின் சராசரி மட்டுமே. பலகையின் மேல் குனிந்திருக்கும் முகம் சராசரியில் இல்லை. தூசி பிறக்கும் இடத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருக்கிறது. அறையின் மூலையில் நிற்கும் கருவிக்குத் தூசி போய்ச் சேரும் வழியில் முதலில் வருவது அந்த மூக்கு.

இப்போது அதே சாண்டரின் தூசிவாயில் ஒரு குழாயைப் பொருத்தி, தூசி உறிஞ்சும் கருவியோடு இணைத்து, பத்தில் ஒன்பது பங்கைப் பிறந்த இடத்திலேயே பிடித்துவிட்டால், காற்றில் போவது மணிக்கு 100 மில்லிகிராம். பழைய ஒற்றைக் கருவியே அறையை 0.33க்குக் கொண்டுவந்துவிடும். இரண்டாவது பியூரிஃபையர் பாதியாக்கிய இடத்தில் ஒரு குழாய் பத்தில் ஒன்றாக்குகிறது. பணத்தை எங்கே போட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு வாதம் தேவையில்லை.

உறிஞ்சும் கருவியிலும் கவனம் வேண்டும். வீடு கூட்டும் சாதாரண வாக்குவம் கிளீனர் பெரிய தூளை வைத்துக்கொண்டு நுண்தூசியைப் பின்பக்கம் பீய்ச்சிவிடும். அது தூசியை அரைத்துப் பரப்பும் கருவியாகவே முடியும். உள்ளே காகிதப்பையும் இறுதியில் ஹெப்பா வடிகட்டியும் உள்ளதாகவோ, ஐரோப்பியத் தரத்தில் ‘எம்’ வகுப்புச் சான்று பெற்றதாகவோ இருக்க வேண்டும். எம் வகுப்பு 99.9 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்பது விதி. இடையில் ஒரு சுழல்பிரிப்பான் வாளியை வைத்தால் தூளின் பெரும்பகுதி வாளியிலேயே விழுந்துவிடும். வடிகட்டி நீண்ட நாள் உழைக்கும். வட்டவாளும் இழைப்பு எந்திரமும் வேறு வகை. அவை அள்ளி வீசும் சீவலுக்கு மெல்லிய குழாயின் வலிய உறிஞ்சல் உதவாது; நான்கு அங்குலக் குழாயில் நிறையக் காற்றை இழுக்கும் தூசி சேகரிப்பான் வேண்டும். அதன் துணிப்பை 30 மைக்ரானையே பிடிப்பதா, 1 மைக்ரானையும் பிடிப்பதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். முன்னது கண்ணுக்குத் தெரிவதைப் பிடித்து, தெரியாததை அறை முழுக்கத் தூவும்.

கூரையில் தொங்கவிடும் பட்டறைக் காற்று வடிகட்டிகள் பலவற்றில் வெளி வடிகட்டி 5 மைக்ரான், உள் வடிகட்டி 1 மைக்ரான் என்றிருக்கும். வீட்டு ஹெப்பா கருவி அதைவிட நுண்மையாக வடிகட்டும். ஆனால் மரத்தூளைச் சுமந்தால் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். முன்வடிகட்டியை வாரந்தோறும் தட்டிக் கழுவாதவர் அதை வாங்கிப் பயனில்லை. அட்டையில் உள்ள 300 என்ற எண்ணும் மிக உயர்ந்த வேகத்துக்கு உரியது. அந்த வேகத்தில் அது எழுப்பும் இரைச்சலைத் தாங்காமல் எல்லோரும் இரவு வேகத்தில் வைப்பார்கள். அப்போது அட்டையில் உள்ள எண் பொய்யாகிவிடும். அயனி, ஓசோன் என்று விளம்பரம் செய்பவற்றைத் தொடவே வேண்டாம். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு.

டெல்லிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குளிர்நாட்டுக் கையேடுகள் எல்லாம் தூசியை வெளியே தள்ளு, சாளரத்தைத் திற என்று சொல்லும். நவம்பரில் கோல் மார்க்கெட்டில் சாளரத்தைத் திறந்தால் வருவது என்ன? இதற்கும் கணக்குப் போடலாம். 12 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி மணிக்கு ஏறத்தாழ 1000 கன மீட்டர் வெளியேற்றினால், குழாய் பொருத்தாத சாண்டரின் 1 கிராம் தூசி அறையில் கன மீட்டருக்கு 1 மில்லிகிராமாகும். வெளியிலிருந்து வரும் 250 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிகிராம், கூடச் சேரும். மொத்தம் 1.25. மூடிய அறையில் பியூரிஃபையர் வைத்தபோது 3.3. ஆகவே ஊர்க்காற்று மிக மோசமான நாளிலும்கூட, தூசியைப் பிறப்பிடத்தில் பிடிக்காதவர் சாளரத்தை மூடுவது எடையளவில் நட்டமே. குழாய் பொருத்தியவருக்கு விசிறி வழியில் 0.35, பியூரிஃபையர் வழியில் 0.33, ஏறத்தாழச் சமம். நவம்பரில் சாளரத்தை மூடும் உரிமை குழாய் பொருத்தியவருக்கே உண்டு. கோடையில் கேள்வியே மாறிவிடும். டெஸர்ட் கூலர் ஓடும் வீட்டில் காற்று அறைக்குள் தள்ளப்பட்டு எதிர்ச்சாளரம் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். அங்கே பியூரிஃபையரை ஓட்டுவது ஆற்றை வடிகட்டுவது போன்றது.

விசிறி வெளியே தள்ளும் தூசி எங்கே போகும் என்ற கேள்வி அதைவிடச் சங்கடமானது. அரசுக் குடியிருப்பில் ஒரு வீட்டின் எக்ஸாஸ்ட் அடுத்த வீட்டின் துணிக்கொடி. அங்கே காயும் குழந்தைத் துணிக்கு இந்தக் கணக்குகளில் இடமில்லை. இதுவும் குழாயின் பக்கமே பேசும் வாதம்.

கோல் மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தொலைவில், பாபா கரக் சிங் மார்க்கில், இதே பிழை 24 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 2021 ஆகஸ்டு 23 அன்று திறக்கப்பட்ட புகைக்கோபுரம் அது. தச்சு வேலைக்கு விலக்கு கிடைத்ததற்கு மூன்று மாதம் முன்பு. 40 விசிறிகள், ஏறத்தாழ 5000 வடிகட்டிகள், விநாடிக்கு 1000 கன மீட்டர் காற்று. சுற்றுவட்டாரத்தில் ஒரு கிலோமீட்டர் வரை பயன் தரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அந்த வட்டத்தில் தரையிலிருந்து 100 மீட்டர் உயரம் வரையுள்ள காற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 31 கோடிக்கு மேற்பட்ட கன மீட்டர். காற்றே வீசாமல், வெளியிலிருந்து ஒரு துகளும் வராமல் நின்றால்கூட, அதை ஒருமுறை வடிகட்ட 87 மணி நேரம் வேண்டும். 2023இல் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம் இத்தகைய கோபுரங்கள் நடைமுறைக்கு உகந்த தீர்வல்ல என்ற கருத்தைத் தெரிவித்தது. சாண்டருக்குக் குழாய் பொருத்தாமல் மூலையில் பியூரிஃபையர் வைத்த பட்டறையும், வண்டிப்புகையையும் குப்பைத்தீயையும் விட்டுவிட்டுக் கோபுரம் கட்டிய நகரமும் ஒரே கடையில் ஏமாந்தவை. வேறுபாடு ஒன்றே: பட்டறைக்காரர் தம் சொந்தப் பணத்தில் ஏமாந்தார்.

வாயுக்களைப் பற்றிச் சுருக்கமாக. எம்.டி.எஃப்., மலிவு பிளைவுட் ஆகியவற்றின் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும். அதுவும் அதே புற்றுநோய் முகமையின் முதல் பிரிவில் உள்ளது. ஹெப்பா துகளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வீட்டுக் கருவிகளில் உள்ள மெல்லிய கரித்தாள் விரைவில் நிறைந்துவிடும். பாலிஷும் தின்னரும் பூசும் நாளில் வெளிக்காற்றுக்கு மாற்று இல்லை. அந்த வேலையைக் காற்று சற்றுத் தெளிந்த நாளுக்குத் தள்ளிவைப்பது எந்தக் கருவியையும்விட மலிவு.

முகத்தில் கட்டும் கம்சா எதையும் பிடிக்காது. அது மூக்கைவிட மனத்துக்கே ஆறுதல். முகத்தோடு பொருந்திய என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் துகளிலும் 95 விழுக்காட்டை நிறுத்தும். உலர்ந்த விளக்குமாறும், பலகையை ஊதிச் சுத்தம் செய்யும் புளோயரும் பகல் முழுக்கப் பிடித்ததை ஒரு நிமிடத்தில் திருப்பிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஈரத்துணியே நல்லது.

பல்கலைக்கழக வட்டாரத்துக்கு இதில் ஒரு நேரடிப் பங்கு உண்டு. ஆய்வு மாணவர் அறையிலும் ஆசிரியர் வீட்டிலும் புத்தக அலமாரி இல்லாமல் இராது. அளவெடுத்து, வீட்டிலேயே அறுத்துத் தேய்த்துப் பொருத்தித் தருவதுதான் டெல்லி வழக்கம். அந்த இரண்டு மூன்று நாளும் வீட்டார் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பியூரிஃபையரும் அவர்களோடு உள்ளே போகும். கதவிடுக்கில் ஈரத்துண்டு வைப்பார்கள். கதவுக்கு அப்பால் வேலை செய்பவருக்கு அவ்வப்போது தேநீர் போகும். கருவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதன் உணரி அந்தப் பக்கக் காற்றை முகர்வதில்லை. இதில் எவருக்கும் தீய எண்ணம் இருப்பதில்லை. நீதிமன்ற விலக்கில் விடுபட்ட அதே வேற்றுமைச் சொல் இங்கேயும் விடுபட்டிருக்கிறது.

அலமாரிக்கு மதிப்பீடு கேட்கும்போது பலகை, கீல், பிசின், பாலிஷ், கூலி என்று தச்சர் வரிவரியாக எழுதித் தருவார். அந்தத் தாளில் தூசிக்கு என்று ஒரு வரி இருப்பதில்லை. குழாய் பொருத்தும் சாண்டரும் உறிஞ்சும் கருவியும் கொண்டுவருபவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கேட்க வேண்டும். அவரிடம் பேரம் பேசி அந்த வரியை அடிப்பவர் சேமிக்கும் பணம், கூடத்து அலமாரியின் ஒரு தட்டுக்குக்கூடக் காணாது.